மண்ணை அஞ்சலில் அனுப்பிய பெண்கள்

மருந்து கண்டுபிடித்த கதைகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. ஓர் ஆண், ஓர் ஆய்வகம், எதிர்பாராத ஒரு தற்செயல், அதைக் கண்டுகொள்ளும் மேதைமை. பிறகு உலகம் பிழைத்துக்கொள்ளும். 1928-இல் லண்டனில் விடுமுறை முடிந்து திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பூசணம் பூத்த ஒரு தட்டைப் பார்த்தார் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பென்சிலின் கதைதான் இந்த வாய்பாட்டின் மூல பாடம். அதற்குப் பிறகு வந்த கதைகளெல்லாம் ஏறக்குறைய அதன் உரைகள்.

அறிவியலுக்குத் தீர்ப்பு எழுத நான் இதைத் தொடங்கவில்லை. ஒரு கதை எப்படிச் சொல்லப்படுகிறது, அதில் யார் பேசுகிறார்கள், யார் பெயரில்லாமல் வேலை செய்கிறார்கள், எது சொல்லாமல் விடப்படுகிறது என்று பார்ப்பது இலக்கியம் படித்தவர்களின் வேலை. மருந்துக் கண்டுபிடிப்பு பற்றிய கதையாடலையும் அப்படி ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். வாசிக்கவேண்டிய அவசரமும் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் மட்டும் 2019-இல் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் உயிரை நேரடியாகப் பறித்தன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பூஞ்சைகளுக்கென்று தனியாக ஓர் அபாயப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக வெளியிட்டதே 2022 அக்டோபரில்தான். அதில் 19 பூஞ்சைகள் இடம்பெற்றன. புதிய மருந்து வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எப்படிக் கிடைக்கும் என்று நாம் நம்புகிறோமோ, அதற்கேற்பத்தான் பணமும் மதிப்பும் கவனமும் போய்ச் சேரும். அந்த நம்பிக்கையை உருவாக்குவது கதைகள். ஆகவே கதை தவறாக இருந்தால் விளைவும் தவறாகவே இருக்கும்.

தட்டுக்கும் ஊசிக்கும் நடுவே

ஃபிளெமிங் தட்டைப் பார்த்தது உண்மை. அதை 1929-இல் எழுதி வெளியிட்டதும் உண்மை. ஆனால் அவர் கையில் மருந்து இல்லை. பூசணம் கசியவிட்ட சாற்றைப் பிரித்து, தூய்மையாக்கி, மனித உடலுக்குள் செலுத்தத்தக்க பொருளாக்கியது பத்தாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டில். யுத்த காலம். கருவிகள் இல்லை. பெட்பேன், பால் கேன், குளியல் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் பூசணத்தை வளர்த்தார்கள். அந்தத் தட்டுகளில் பூசணத்தை விதைத்து, கசிவை எடுத்து, கழுவி, மறுபடி விதைக்க ஆறு இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள். வரலாறு அவர்களைப் ‘பென்சிலின் பெண்கள்’ என்று ஒரே கூடையில் போட்டுவைத்திருக்கிறது. 1945-இல் நோபல் பரிசு மூன்று ஆண்களுக்குப் போனது. அதே ஆண்டில் பென்சிலின் மூலக்கூற்றின் வடிவத்தை எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்த டோரத்தி ஹாட்ஜ்கினுக்கு, அந்த வேலையையும் சேர்த்து நோபல் வர 1964 ஆயிற்று. வந்தபோது ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் அவரை இல்லத்தரசி என்றே தலைப்பில் அழைத்தது.

நோயாளிகளின் கதையிலும் இதே தேர்வு நடந்திருக்கிறது. பென்சிலின் பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவராக ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற ஆக்ஸ்ஃபோர்டு காவலர் எல்லாப் புத்தகத்திலும் வருகிறார். 1941-இல் அவருக்கு மருந்து கேட்டது, ஆனால் மருந்து தீர்ந்துபோய் இறந்தார். ரோஜா முள் கீறியதால் வந்த தொற்று என்று கதையில் ஒரு முள்ளும் சேர்ந்துகொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1942 மார்ச்சில், அமெரிக்காவின் நியூ ஹேவன் மருத்துவமனையில் பென்சிலினால் பிழைத்தெழுந்த ஆன் மில்லரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கு வந்தது கருச்சிதைவுக்குப் பின் இரத்தத்தில் ஏறிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று. காய்ச்சல் இறங்கியது, 1999-இல் தமது 90-ஆவது வயதில்தான் இறந்தார். பிள்ளைப்பேற்றுக்கும் கருச்சிதைவுக்கும் பிறகு வரும் காய்ச்சலில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செத்துக்கொண்டிருந்த உலகில், பென்சிலின் கதையை ஆன் மில்லரிலிருந்து தொடங்கியிருக்கலாம். அப்படித் தொடங்கியிருந்தால் அது பெண்களின் படுக்கையறையிலும் பிரசவ அறையிலும் நிகழ்ந்த மாற்றத்தின் கதையாக இருந்திருக்கும். கருச்சிதைவைப் பாடநூலில் அச்சிட முடியாது. ரோஜா முள்ளை அச்சிடலாம்.

ஆல்பனிக்கும் நியூயார்க்குக்கும் நடுவே

இந்த வாய்பாட்டுக்குள் அடங்காத ஒரு கண்டுபிடிப்பை எடுத்து வைத்துப் பார்ப்போம். பூஞ்சைத் தொற்றுக்கு எதிராக மனிதருக்குப் பாதுகாப்பாகப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாட்டிக் நிஸ்டாட்டின். அதைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். இருவரும் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் அரசு ஊழியர்கள்.

ஹேசன் 1885-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி விளையும் ஊரொன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். பெண்கள் கல்லூரியில் படித்து, பள்ளியாசிரியையாக வேலை பார்த்து, 1927-இல் நாற்பதுகளின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிரவுன் 1898-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போனபின் தாயின் சம்பாத்தியத்தில் வளர்ந்தவர். பாட்டியின் தோழி ஒருவர் பணம் கொடுத்ததால்தான் மவுன்ட் ஹோலியோக் கல்லூரிக்குப் போக முடிந்தது. சிகாகோவில் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தும் வாய்மொழித் தேர்வு தள்ளிப்போயிற்று. கையில் பணம் தீர, 1926-இல் ஆல்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். பட்டம் கைக்கு வந்தது 1933-இல். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஏழு ஆண்டு காத்திருந்த ஒரு பெண்ணின் நிலையை நம் பல்கலைக்கழக வளாகங்களில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

1940-களில் ஒரு புதிய சிக்கல் எழுந்திருந்தது. பென்சிலினும் அதற்குப் பின் வந்த மருந்துகளும் பாக்டீரியாவை அழித்தன. உடம்பில் பூஞ்சையை அடக்கி வைத்திருந்ததும் பாக்டீரியாதான். பாக்டீரியா போன இடத்தில் பூஞ்சை தழைத்தது. குழந்தைகளின் வாயில், பெண்களின் பிறப்புறுப்பில், நோயாளிகளின் குடலில் கான்டிடா என்ற பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. ஒரு வெற்றி இன்னொரு நோய்க்கு இடம் விட்டிருந்தது.

பூஞ்சைக்கு மருந்து தேடுவது பாக்டீரியாவுக்குத் தேடுவதைவிடக் கடினம். பாக்டீரியாவின் உயிரணு நம் உயிரணுவிலிருந்து வெகுதூரம் விலகியது. அதற்குச் சுவர் உண்டு, நமக்கில்லை. சுவரைத் தாக்கினால் நமக்குச் சேதமில்லை. பூஞ்சையோ உறவுமுறையில் நமக்கு நெருங்கியது. அதன் உயிரணுவிலும் நம்முடையதைப் போலவே உட்கரு உண்டு. பல வேலைகள் இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கின்றன. அதைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நம்மையும் கொல்லும். வேறுபாடு நுணுக்கமான இடங்களில்தான் இருக்கிறது. நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால். அந்தச் சின்ன வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும்.

ஹேசனும் பிரவுனும் அதை மண்ணில் தேடினார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம் மண்ணில் வாழ்வது. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையில் பெரும்பங்கு இந்தக் குடும்பம் உண்டாக்கும் பொருளால் வருவது. எழுத்தில் மண்வாசனை என்று நாம் சிலாகிப்பதன் உண்மையான ஆசிரியர் அது. மண்ணுக்குள் மற்ற உயிர்களோடு இடத்துக்குப் போட்டியிட அது பலவகைப் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்று மருந்தாகலாம்.

1948-இல் தொடங்கிய அவர்களது வேலை முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹேசன் நியூயார்க் நகரத்தில் இருந்தார். பிரவுன் சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி ஆல்பனியில். பல இடங்களிலிருந்து வந்த மண்ணிலிருந்து ஹேசன் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்ப்பார். அவை கான்டிடாவையும் மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸையும் அடக்குகின்றனவா என்று சோதிப்பார். அடக்கும் கூட்டத்தைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து அஞ்சலில் ஆல்பனிக்கு அனுப்புவார். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடி போல, அமெரிக்கப் பெண்கள் பழங்களைப் பதப்படுத்தி மூடிவைக்கும் மேசன் ஜாடி அது. பிரவுன் அதிலிருந்து செயல்படும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அஞ்சலில் அனுப்புவார். ஹேசன் மறுபடி சோதிப்பார், பிறகு விலங்குகளில் பார்ப்பார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பெரும்பாலானவை விலங்குகளுக்கும் ஆகவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டு அடுத்த ஜாடி.

வெர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களான நூர்ஸ் குடும்பத்தாரின் பண்ணையிலிருந்து எடுத்த மண்ணில் அது கிடைத்தது. பூஞ்சையை அடக்கியது, விலங்கை விட்டுவைத்தது. எர்கோஸ்டிராலைப் பிடித்துக்கொண்டு பூஞ்சையின் சவ்வில் துளையிடும் பொருள். 1950-இல் அறிவித்தார்கள். அப்போது ஹேசனுக்கு 65 வயது, பிரவுனுக்கு 52-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1954-இல் ஸ்க்விப் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாயிலும் குடலிலும் தோலிலும் பிறப்புறுப்பிலும் படரும் கான்டிடாவுக்கு இன்றும் அது மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. 1966-இல் ஃபிளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது பூசணம் பிடித்த ஓவியங்களைக் காப்பாற்றவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கதையில் ‘அந்த ஒரு கணம்’ என்று எதுவும் இல்லை. இரண்டு பெண்கள் ஊருக்கு ஊர் ஜாடி அனுப்பி, பிரித்து, சோதித்து, பெரும்பாலானவற்றைத் தள்ளி, மறுபடி தொடங்கிய மாதங்கள்தான் இருக்கின்றன. புடைத்தல், சலித்தல், கல் பொறுக்குதல் போன்ற வேலை. அப்படிப்பட்ட வேலைக்கு ஒரு சமூகம் என்ன மதிப்புத் தருகிறது என்பது நமக்குத் தெரியும். அதனாலேயே இது ‘கதை’யாகத் தேறவில்லை. ஆனால் மருந்து கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஃபிளெமிங்கின் தட்டு விதிவிலக்கு. ஹேசனின் ஜாடி விதி. விதிவிலக்கைக் காவியமாக்கி விதியை அடிக்குறிப்பாக்கியதுதான் இந்தக் கதைவகையின் பெரிய பிழை.

பெயர் யாருக்கு

நிஸ்டாட்டின் என்ற பெயரில் நியூயார்க் மாநிலம் இருக்கிறது. மாநிலப் பெயரின் எழுத்துகளைச் சுருக்கி உண்டாக்கிய சொல் அது. அதைச் சுரந்த நுண்ணுயிரின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நூர்சி. அதில் மண்ணுக்குச் சொந்தக்காரரின் பெயர் இருக்கிறது. மருந்துக்கு அரசின் பெயர், உயிருக்கு நிலக்காரரின் பெயர். தேடியெடுத்த இரு பெண்களின் பெயர் இரண்டிலும் இல்லை.

பெண்ணிய வாசிப்பு இந்த இடத்தில் அவசரப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. பெயர் பறிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டால் வாக்கியம் முடிந்துவிடும். ஆனால் உண்மை அப்படியில்லை. இரண்டு பெயரையும் வைத்தவர்கள் அவர்களேதான். நண்பருக்கும், தங்களுக்குச் சம்பளமும் ஆய்வகமும் தந்த பொது நிறுவனத்துக்கும் பெயரை விட்டுக்கொடுத்தார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது வினோதமாகத் தோன்றக்கூடாது. அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது மரபு. தன் பெயர் மறைந்து, பாடலில் வரும் உவமையே பெயராகிப்போன புலவர்கள் நமக்கு உண்டு. பெயரில்லாமை எல்லா இடத்திலும் இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: மரபு எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது பெயரின்மை ஓர் அழகு. ஃபிளெமிங்குக்குச் சிலையும் பாடநூலும் இருக்கிற உலகில் இரண்டு பெண்கள் மட்டும் பெயரை விட்டுக்கொடுத்தால் அந்த அடக்கம் யாருக்கு லாபமாகிறது?

நம் நாட்டிலும் இதற்கு ஒரு துணைக்கதை இருக்கிறது. புனே அருகே பிம்ப்ரியில் 1954-இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்தே ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்து கிடைத்தது. நிஸ்டாட்டினுக்கு உறவான பொருள். அந்தப் பெயரின் தொடக்கத்திலும் நிறுவனத்தின் முதலெழுத்துகள் இருக்கின்றன. மக்களுக்குச் சொந்தமான ஆய்வகங்கள் மருந்து கண்டுபிடித்துத் தம் பெயரையே அதற்குச் சூட்டிய காலம் ஒன்று இங்கும் இருந்தது.

தியாகம் என்ற பொறி

நிஸ்டாட்டின் காப்புரிமை 1957-இல் வழங்கப்பட்டது. அதன் வழியே வந்த ராயல்டி மொத்தம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். இருவரும் அதில் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பாதி ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் பொதுவான ஆய்வு நல்கைகளுக்குப் போயிற்று. பாதி பிரவுன்-ஹேசன் நிதியாக மாறியது. அந்த நிதி பூஞ்சை நோய் ஆய்வுகளுக்கும், அறிவியல் படிக்க வந்த பெண்களுக்கும் உதவியது. தனக்குக் கல்லூரிக் கட்டணம் கொடுத்த பாட்டியின் தோழிக்கும் பிரவுன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைகூப்பிவிடுகிறார்கள். ‘தன்னலமற்ற இரு பெண்கள்.’ ஆண் கண்டுபிடித்தால் மேதை, பெண் கண்டுபிடித்தால் தெய்வம். இரண்டும் நிஜமான வேலையை மறைக்கும் திரைகள். இரண்டாவது திரை பெண்களுக்குக் கூடுதலாகத் தீங்கு செய்யும். ஏனென்றால் விட்டுக்கொடுப்பவளே நல்லவள் என்ற, நமக்குப் பழக்கமான பாடத்தை அது ஆய்வகத்துக்குள்ளும் கொண்டுவந்து வைக்கிறது. சம்பள உயர்வு கேட்கும் ஆய்வு மாணவியிடம் நாளை யாராவது ஹேசனை எடுத்துக்காட்டக்கூடும்.

நான் அதைத் தியாகமாக வாசிக்கவில்லை. ஒரு நிதித் திட்டமாக வாசிக்கிறேன். பூஞ்சை நோய்களை யாரும் பெரிதாக மதிக்காத காலத்தில், அந்தத் துறையில் அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்குச் சம்பளமும் சோதனைக்குப் பணமும் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த நடைமுறை விடை அது. ஒரு மருந்து ஈட்டிய பணம் அடுத்த மருந்தைத் தேடப் போக வேண்டும் என்று அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பாட்டியின் தோழி ஒரு பெண்ணுக்குச் செய்ததைப் பல பெண்களுக்குச் செய்யும் ஏற்பாடாக அது வளர்ந்தது. 1975-இல் அமெரிக்க வேதியியலாளர் நிறுவனத்தின் முன்னோடி விருது முதன்முறையாகப் பெண்களுக்குக் கிடைத்தபோது அது இவர்களுக்குத்தான் வந்தது. ஹேசன் அதே ஆண்டில் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் இவர்கள் பெயர் சேர 1994 ஆயிற்று. அப்போது பிரவுனும் இறந்து 14 ஆண்டு ஆகியிருந்தது.

இந்தத் திட்டத்தோடு இன்றைய சந்தையை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்றுக்கு பிளாசோமைசின் என்ற மருந்தை உருவாக்கிய அக்கேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனம் 2018 ஜூனில் அதற்கு அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் திவாலானது. மருந்து தோற்கவில்லை, விற்பனைதான் தோற்றது. புதிய ஆன்டிபயாட்டிக்கை முடிந்தவரை பயன்படுத்தாமல் கடைசி ஆயுதமாக வைத்திருப்பதே மருத்துவ அறிவு. அதிகம் விற்றால்தான் லாபம் என்பது வணிக அறிவு. இரண்டும் ஒரே நிறுவனத்துக்குள் குடித்தனம் செய்ய முடியவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஆயுளுக்கும் ஓடும். தொற்றுக்கு ஒரு வாரத்தோடு முடிந்துவிடும். பெரிய நிறுவனங்கள் பல இந்தத் துறையை விட்டே விலகியதற்கு இதுதான் காரணம். ஓர் அரசு ஆய்வகமும் ஒரு பொது நிதியும் செய்த வேலையை எடுத்துச் செய்ய இன்று யார் இருக்கிறார்கள் என்பது திறந்த கேள்வியாகவே இருக்கிறது.

நம் உடம்பில் எது நோய்

பூஞ்சை என்ற சொல்லுக்குத் தமிழில் வலுவற்றது என்றும் பொருள் உண்டு. பூஞ்சை உடம்பு என்று ஒல்லியான பெண்ணைச் சொல்வார்கள். வலுவற்றதென்று பெயர் வாங்கியதாலோ என்னவோ, அந்த நோய்களும் நம்மிடையே பெரிதாக எண்ணப்படவில்லை. வெள்ளைப்படுதலை ‘சூடு’ என்கிறோம். வெந்தயம் ஊறவைத்துக் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்பதோடு பேச்சு முடிகிறது. எல்லா வெள்ளைப்படுதலும் நோயில்லை. ஆனால் தயிர்த் திப்பி போல வெளியேறி, அரித்து, எரிந்து, உறவையும் உறக்கத்தையும் கெடுப்பது பெரும்பாலும் கான்டிடா. நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்வில் ஒருமுறையாவது இது வருகிறது. திரும்பத் திரும்ப வந்து அவதிப்படும் பெண்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 13 கோடியே 80 லட்சம் என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இத்தனை பேரின் நோய் ‘தொந்தரவு’ என்ற சொல்லுக்குள் சுருங்கிக் கிடக்கிறது. உயிரைக் கொல்லாததாலா, இல்லை பெண்ணுக்கு வருவதாலா?

படர்தாமரைக்கும் இதே கதை. பாவாடை நாடா இறுகும் இடுப்பைச் சுற்றி, மார்புக்குக் கீழே, தொடையிடுக்கில் வருவதை மறைத்துவைத்து, மருந்துக்கடையில் தணிந்த குரலில் ஒரு களிம்பு கேட்டு வாங்குகிறோம். அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, பரவும். டெர்பினாஃபின் என்ற மருந்துக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் துணைக்கண்டத்தில் பெருகி வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. 2020-இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டது: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. மருந்தெதிர்ப்பு ஏதோ தொலைதூர ஐசியூவில் பிறப்பது என்று நினைக்க வேண்டாம். வெட்கமும் மருந்துச்சீட்டில்லாத களிம்பும் சந்திக்கும் இடத்திலும் அது பிறக்கிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று செய்தித்தாள்கள் பயமுறுத்திய நோய் 45,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அப்போது நாடெங்கும் ஆம்போடெரிசின் தட்டுப்பாடு. அது நிஸ்டாட்டினின் குடும்பத்து மருந்து, 1950-களில் கிடைத்தது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஆபத்தில் நம் கை முதலில் தேடியது அதைத்தான் என்பதே இந்தத் துறை எவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

புதிய மருந்துகள் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப வரும் கான்டிடாத் தொற்றுக்கு ஒட்டெசெகோனசோல் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதியில் ஒரு வரம்பு உண்டு: கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் அதை எடுக்கக்கூடாது. எலிகளில் குட்டிகளின் கண்ணைப் பாதித்தது. மனித உடம்பிலோ மருந்தின் தடம் இரண்டாண்டுக்கு நெருக்கமாகத் தங்கக்கூடியது. இந்த எச்சரிக்கை சரியானது. தாலிடோமைடு நடந்த உலகில் அது தேவைதான். ஆனால் நோய் அதிகம் வருவதே கருவுறும் வயதில். அந்த வயதுப் பெண்கள் எடுக்க முடியாத மருந்து அந்த நோய்க்கு வருகிறது என்றால், எந்த மூலக்கூற்றை முன்னெடுப்பது என்று தொடக்கத்தில் முடிவு செய்த மேசையில் அவர்களுடைய வாழ்க்கை எவ்வளவு இடம் பெற்றது என்று கேட்கத்தான் வேண்டும். 1977 முதல் 1993 வரை, கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்பதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலாக இருந்தது. கருவைக் காப்பதாகச் சொல்லி, பெண்ணைப் பற்றிய அறிவையே கைவிட்ட ஏற்பாடு அது.

மாறுதல் இல்லாமலும் இல்லை. பெண்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட சிறுமிகளுக்கும் வரும் சிறுநீர்த் தொற்றுக்கென்றே கெபோடிடாசின் என்ற புதுவகை மாத்திரை 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சென்னையின் ஆர்கிட் ஃபார்மாவில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம், சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கான கூட்டு மருந்தாக 2024 பிப்ரவரியில் அங்கே அனுமதி பெற்றது. கழிப்பறை இல்லாத வேலையிடங்களில் தண்ணீர் குடிக்காமல் பகலைக் கடத்தும் பெண்களுக்கு இந்த மருந்துகள் என்ன விலையில் எப்போது வந்து சேரும் என்பது அடுத்த கேள்வி. அவர்களுக்குக் கழிப்பறை எப்போது வரும் என்பது அதற்கு முந்தைய கேள்வி.

இயந்திரமும் அதே கதைக்குள்

2020-இல் கதைவகை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. செயற்கை நுண்ணறிவு ஓர் ஆன்டிபயாட்டிக்கைக் கண்டுபிடித்துவிட்டது என்று தலைப்புகள் வந்தன. எம்ஐடியில் ரெஜினா பார்சிலே என்ற கணினி அறிவியலாளரும் ஜேம்ஸ் காலின்ஸ் என்ற உயிரிப் பொறியாளரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. முதலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பாக்டீரியாவின் மேல் சோதித்து, எது வளர்ச்சியைத் தடுக்கிறது, எது தடுக்கவில்லை என்ற பதிவை உருவாக்கினார்கள். அதைக் கணினிக்குக் கற்பித்தார்கள். கற்றுக்கொண்ட கணினி, ஏற்கெனவே இருந்த பொருள்களின் தொகுப்பொன்றிலிருந்து, சர்க்கரை நோய்க்கென ஒருகாலத்தில் ஆராயப்பட்ட ஒன்றைச் சுட்டிக்காட்டியது. அதற்கு ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படத்தில் வரும் ஹால் என்ற கணினியின் நினைவாக வைத்த பெயர். அந்தக் கணினி ஆண் குரலில் பேசும். விண்வெளி வீரர்களைக் கொல்லவும் செய்யும்.

நியூயார்க் மாநிலத்திலிருந்து ஹாலுக்கு: மருந்துப் பெயர்கள் எழுபது ஆண்டில் வந்து சேர்ந்த தூரம் இது. ஒன்று பொது நிறுவனத்தைக் கௌரவித்தது. இன்னொன்று ஒரு கற்பனை மேதையை. பெயர் விளையாட்டாக வைத்ததுதான், ஆனால் தலைப்பு எழுதியவர்கள் அதை மெய்யாக்கிவிட்டார்கள். தனி ஆண் மேதையின் நாற்காலியில் இப்போது இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது; நாற்காலி மாறவில்லை. கணினிக்குக் கற்பிக்கத் தட்டுத் தட்டாகப் பாக்டீரியா வளர்த்துப் பதிவெடுத்த கைகள் இந்த முறையும் தலைப்புக்கு வெளியே நிற்கின்றன. கணினியின் உதவி பெரிது. தேடும் வேகத்தை அது பலமடங்கு கூட்டுகிறது. ஆனால் அது செய்வதும் சலித்தல்தான், ஹேசனின் வேலையின் தொடர்ச்சிதான். அதைத் தொடர்ச்சி என்று சொன்னால் ஆய்வக உதவியாளருக்கும் சம்பளம் வேண்டும் என்று தெரியும். அற்புதம் என்று சொன்னால் கணினி வாங்கினால் போதும் என்று தோன்றும்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகள் அறிவியல் படிப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. நாளை ஒரு புதிய மருந்து பற்றிய செய்தி வரும்போது, கவிதையை வாசிக்கும் அதே கவனத்தோடு அதை வாசித்தால் போதும். வினைச்சொல்லுக்கு எழுவாய் யார் என்று பாருங்கள். எந்த நோயாளியைச் சோதனையில் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள், ஆய்வகம் யாருடையது, வந்த பணம் எங்கே போகிறது என்று தேடுங்கள். விடை செய்தியில் இல்லாவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரிக்கிற இடத்தைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசுவதும் இந்த வாசிப்பின் ஒரு பகுதி. நாம் சொல்லாத நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு யாரும் மண்ணைத் தோண்டமாட்டார்கள்.